வலது காதின் தாய்மாமன்

நைனா முகமது கட்டிய காதுகளில் அதுவரை யாரும் ஒரு சொட்டை சொன்னதில்லை. மூக்கு கட்டினால் சொல்வார்கள். மூக்குக்குச் சொந்தபந்தம் அத்தனை பேரும் பாத்தியதை கொண்டாடுவார்கள். அப்பா வீட்டு மூக்கா, அம்மா வீட்டு மூக்கா என்று வரவேற்பறையில் கைகலப்பே நடந்திருக்கிறது. காதுக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் போய்விடுவார்கள். அதனால்தான் நைனா பதினோரு வருடமாகக் காதுப் பிரிவிலேயே நிம்மதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த உயிர்க்கட்டு மையம். ஊர்க்காரர்களுக்கு அது காதுக் கம்பெனி. வேலையின் பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் பொறுமைதான் முதலீடு. நோயாளியின் விலாக் குருத்தெலும்பில் துளி எடுத்து, அதிலுள்ள செல்களைப் பெருக்கி, கடுகளவு ஜெல்லி மணிகளுக்குள் குடிவைப்பார்கள். அந்த மணிகளை இயந்திரக் கை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும். ஒரு காதுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மணி. மேல்மடல் விறைப்பாக நிற்க ஒரு வகை, கீழே சோணை தளதளவென்று தொங்க இன்னொரு வகை, நடுவே ரத்தம் ஓடச் சந்துகள். எந்த மணி எங்கே உட்கார வேண்டும் என்று இயந்திரத்துக்குப் படம் போட்டுக் கொடுப்பது நைனாவின் வேலை.

அடுக்கியதை ஊட்டநீர் ஜாடியில் மிதக்கவிட்டால், மணிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு மூன்று வாரத்தில் காதாகிவிடும். இருபத்தோராம் நாள் அதைத் தலையில் பொருத்தி ரத்தம் பாய்ச்சியாக வேண்டும். பாய்ச்சத் தவறினால் மறுநாள் அது வெறும் ஜெல்லி. நிறைமதியின் காதுக்கு அன்று இருபதாம் நாள்.

நிறைமதிக்கு ஒன்பது வயது. உசிலம்பட்டிப் பக்கம். பிறக்கும்போதே வலது காது இல்லை; அந்த இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு மேடு மட்டும்தான் இருந்தது. அப்பா கப்பல் வேலையில் கடல் கடலாகப் போய்க்கொண்டிருந்தார். அம்மா தவமணி பால்வாடி டீச்சர். இந்தக் காதுக்காக இரண்டு வருடம் அலைந்தவள்.

அறுவைக்கு முந்தின நாள் வீட்டார் இரண்டு பேர் வந்து காதைப் பார்த்து, திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது மையத்து விதி. சனங்கள் அதைக் காது பார்க்கும் சடங்காக மாற்றிப் பல காலமாயிற்று. நிறைமதிக்குப் பதினான்கு பேர், பூ பழத் தட்டுகளோடு, ஒரு வேனில் வந்திறங்கினார்கள். தானாக ஓடும் வேன்தான். ஆனாலும் முன்சீட்டில் ஒரு ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தால்தான் நம்மவர்கள் ஏறுவார்கள். அன்று அப்படிப் பிடித்தபடி வந்தவர் தவமணியின் அண்ணன் காசிமாயன். போர்வெல் லாரி முதலாளி, பூமிக்குள் ஆயிரம் அடி போனாலும் முகம் மாறாத மனிதர்.

ஜாடியைச் சுற்றிப் பதினான்கு பேரும் நின்றார்கள். அம்சமாக இருக்கிறது, ஆத்தா காதேதான் என்று பாராட்டெல்லாம் முடிந்தது. நைனா கூச்சத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். காசிமாயன் மட்டும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, ஜாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

"இதுல ஓட்ட போட்டது யாரு?"

சோணையில் ஒரு பொட்டுத் துளை. நைனாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அது தானா வந்ததுண்ணே. இடது காத ஸ்கேன் எடுத்து, கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட்டுத்தான் வலது காது கட்டுறோம். அதுல என்ன இருக்கோ அது இதுலயும் வரும்."

"தானா வந்துச்சா?"

"மெஷின் அடுக்குனதுண்ணே."

"மெஷினுக்கு யாரு சொன்னது?"

"படம் நாந்தான் போட்டேன்."

"அப்பக் குத்துனது நீங்கதேன்," என்றார் காசிமாயன். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். தவமணியின் முகம் சட்டென்று வாடியது.

சத்தம் கேட்டு அறுவை மருத்துவர் ஹெலன் உள்ளே வந்தார். எதற்கும் படிவம் கேட்கிற, மற்றபடி தங்கமான டாக்டர். அவரிடம்தான் தவமணி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எம்புள்ளைக்கு ஒரு வயசுல காதுகுத்து வச்சோம் டாக்டரு. தாய்மாமன் மடியில வச்சுத்தேன் குத்தணும், அவரு கொண்டார தோடுதேன் போடணும். அது முறை. இவரும் சீரு கொண்டாந்தாரு. சபையில தட்டத் தொறந்தா ஒத்தத் தோடு. ஒத்தக் காதுக்கு ஒத்தத் தோடு போதும், மத்தது காது வரவும் தாரேன்னாரு. எம் மாமியா, நாத்தனா அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. எம்புள்ளைய வச்சுச் சிரிச்சாக டாக்டரு."

"நான் ஆரையும் சிரிக்கச் சொல்லல," என்றார் காசிமாயன் சுவரைப் பார்த்தபடி.

"அன்னைக்கு விட்டதுதேன் பேச்சு. எட்டு வருசம். இப்பக் காது வருதுன்னு ஆனதும், இந்தக் காதையாவது முறையாக் குத்தட்டும்னு நாந்தேன் எறங்கிப் போயிக் கூப்புட்டேன். அதையும் இந்தத் தம்பி குத்திப்புட்டாரு."

பதினான்கு பேரும் நைனாவைப் பார்த்தார்கள். திருடனைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பூர்த்தியான காதுல எனக்கென்ன சோலி? கையெழுத்த நீங்களே போட்டுக்கங்க," என்று காசிமாயன் படி இறங்கிப் போனார். பின்னாலேயே பூத் தட்டும் பழத் தட்டும் இறங்கின.

தவமணி பேனாவை மேசைமேல் வைத்தாள். "எங்கண்ணே இல்லாமப் போட மாட்டேன் டாக்டரு. இன்னொருக்கா விட்டா அவரு வரவே மாட்டாரு."

"அம்மா, நாளைக்கு ஒம்பது மணிக்கு அந்தக் காது தலையில இருக்கணும். உங்க அண்ணன் கோபம் தீர்றவரைக்கும் ஜெல்லி காத்திருக்காது," என்றார் ஹெலன். "வேணும்னா பக்கத்துல இன்னொரு ஓட்டை குத்திக்கலாமே?"

"அது ரெண்டாங் குத்து டாக்டரு. காலேஜ் புள்ளைக குத்துறது. அதுக்கு மாமன் எதுக்கு, பியூட்டி பார்லர் பத்தாதா?"

"நான் அந்த ஓட்டைய அடைச்சுடறேன்," என்றார் நைனா. "ஏழு ஜெல்லி மணி வச்சாப் போதும். கையாலயே வைப்பேன்."

"வச்ச மணி பிடிக்க நாலு நாள் ஆகும் நைனா. நாளைக்குத் தைக்கும்போது ஒண்ணு உருண்டாலும் சோணையே அழுகிப்போயிடும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"புதுசா ஒண்ணு கட்ட முடியாதா?" என்றாள் தவமணி.

"கட்டலாம். மறுபடியும் முதல்லருந்து. விலாவுல எடுக்கணும்."

அதுவரை நிறைமதி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை. நாற்காலியில் காலை ஆட்டியபடி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "வலிக்காதுன்னு சொன்னீங்க," என்றாள் நைனாவைப் பார்த்து. "விலாவுல எடுத்தப்ப வலிச்சுச்சு. பதினஞ்சு நாள் ஒருக்களிச்சுப் படுக்க முடியல."

நைனா சொன்னதுதான். பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்வது வழக்கம். அத்தனை பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து கேட்டவள் இவள் ஒருத்திதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. அலமாரியில் அவள் பெயர் எழுதிய கோப்பு இருந்தது; அதை உருவிக்கொண்டு கீழே இறங்கினார்.

சனங்கள் டீக்கடையில் நின்றார்கள். காசிமாயன் மட்டும் வேனின் முன்சீட்டில், ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

"நான் இருவது வருசமா போர்வெல் போடுறேன் தம்பி. எங்க தாலுகாவுல நான் ஓட்ட போடாத காடு கெடையாது. ஒரு எடத்துலயாச்சும் ஒடமக்காரனக் கேக்காமப் போட்டுருக்கேனா?"

"தப்புதாண்ணே. ஆனா ஒரு ஆளக் கேட்டேன்," என்று நைனா கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முதல் நாள் வரும் பிள்ளைகளிடம் எப்படிக் காது வேண்டும் என்று வரையச் சொல்வது மையத்து வழக்கம். மற்ற பிள்ளைகள் யானைக்காது, முயல்காது வரைவார்கள். நிறைமதி தன் முகத்தை வரைந்திருந்தாள். இரண்டு காது. இரண்டிலும் மயில் தோடு. கீழே 'ரெண்டும் ஒண்ணு போல' என்று எழுதியிருந்தாள்.

காசிமாயன் நெடுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பழைய பொடி டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒற்றை மயில் தோடு.

"இடதுல இதோட ஜோடி போட்டுருக்கா, சரி. வலதுலயும் இதேதேன் வரும்னு இவளுக்கு யாரு சொன்னது?"

"நானும் அதைக் கேட்டேண்ணே. மத்தத மாமா பத்திரமா வச்சிருக்காரு, காது வந்ததும் குடுப்பாருன்னு அவ அம்மா சொன்னாங்களாம். இந்தா பாருங்க, குறிப்புல எழுதியிருக்கேன்."

"எப்பச் சொல்லுச்சு?"

"மூணு மாசம் இருக்கும்."

"அப்ப எங்கூடப் பேச்சே இல்லையே," என்றார் காசிமாயன். டப்பாவை மூடினார், திறந்தார், மூடினார். "பஸ்டாண்டு தூசி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவராகவே பேசினார். "ஜோடியாத்தேன் வாங்குனேன் தம்பி. இதுக்கு இனிமே ஒத்தக் காதுதேன்னு அன்னைக்கு எல்லாரும் முடிவுகட்டிட்டாக. எனக்கு மனசு ஒப்பல. ரெண்டையும் குடுத்தா இன்னொண்ணு பீரோவுல கெடக்கும், அதப் பாக்கயிலெல்லாம் எந் தங்கச்சி அழுகும். எங்கிட்ட இருக்கட்டும், காது வரட்டும்னு நெனச்சேன். அத ஒழுங்காச் சொல்லத் தெரியல. ஒத்தக் காதுக்கு ஒத்தத் தோடுன்னு வாயில வந்துருச்சு."

"அத மேல வந்து சொல்லுங்கண்ணே."

"எட்டு வருசம் கழிச்சு அதச் சொல்ல வெக்கமா இருக்குய்யா," என்றபடி வேனிலிருந்து இறங்கினார்.

மேலே வந்ததும் தங்கையின் முன்னால் டப்பாவைத் திறந்து வைத்தார். தவமணி தோட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமலிருந்து பழக்கமானவர்கள், அதனால் அது ஒன்றும் சிரமமாக இல்லை.

"கையெழுத்தப் போடு தாயி," என்றார் காசிமாயன் கடைசியில். "ஆனா முறைன்னா முறைதேன். இடது காதுக்கு நான் மாமன். வலது காதுல ஓட்ட போட்டது இவுக. அப்ப வலது காதுக்கு இவுகதேன் தாய்மாமன். தோடு என்னுது. மடி இவுகளுது. சீரு ஆளுக்குப் பாதி."

பாதிச் சீரை மிச்சம் பிடித்துவிட்டாரே மனுசன் என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள்.

"அண்ணே, நான் பாய் வீட்டுப் பிள்ளை," என்றார் நைனா.

"தெரியுது. எங்கூருல ஒங்காளுகளும் நாங்களும் மாமன் மச்சான்னுதேன் கூப்புட்டுக்குவோம். நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபுடிக்கல. ஒங்களுக்கு அக்கா தங்கச்சி எத்தன பேரு?"

"யாரும் இல்லண்ணே. ஒத்தப் பிள்ளை."

"அப்பறம் என்ன? ஒரு தங்கச்சிய வச்சுக்கங்க."

தவமணி கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது கையெழுத்தை, சாட்சி இடத்தில், நைனாதான் போட வேண்டும் என்று காசிமாயன் ஒற்றைக்காலில் நின்றார். மையத்து ஊழியர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது என்று டாக்டர் ஹெலன் விதியை எடுத்தார், ஜாடியைப் பார்த்தார், விதியை உள்ளே வைத்துவிட்டார். உறவுமுறை என்ற கட்டத்தில் நைனா 'வலது காதின் தாய்மாமன்' என்று எழுதினார்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் காது தலைக்குப் போனது. ரத்தம் பாய்ந்து, வெளுத்திருந்த மடல் மெல்லச் சிவந்தது. ஆறு மாதம் தோடு, தொங்கட்டான் எதுவும் மாட்டக் கூடாது என்று ஹெலன் எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் நைனாவை அரித்தது. மாதம் ஒருமுறை நிறைமதி பரிசோதனைக்கு வருவாள். கண்ணை மூடச் சொல்லி, ஹெலன் மெல்லிய தூரிகையால் புதுக் காதைத் தொடுவார்.

"தொட்டுட்டீங்களா?" என்பாள் நிறைமதி, தொட்டு முடித்த பிறகு.

"நரம்பு வளரணும். சிலருக்கு வளரும், சிலருக்குக் கடைசி வரைக்கும் மரத்துத்தான் இருக்கும்," என்றார் ஹெலன்.

"அப்ப அது என் காதா, ஒட்ட வச்ச காதா?" என்று கேட்டாள் நிறைமதி. ஹெலன் படிவத்தைத் தேடினார். இரண்டாயிரத்துச் சொச்சம் மணியை எண்ணி அடுக்கத் தெரிந்த நைனாவுக்கு, ஒரு தொடுதலை அதற்குள் வைக்கத் தெரியவில்லை.

ஆவணியில் குலதெய்வக் கோவிலில் நாள் குறித்தார்கள். நைனாவின் மனைவி பர்வீன் ஏழு தட்டு எடுத்து வைத்தாள். "இல்லாத நாத்தனாருக்குச் சீர் செய்யிற மொத ஆளு இந்த ஊர்ல நானாத்தான் இருப்பேன்," என்று நொடித்துக்கொண்டே, பட்டுப்பாவாடைக்கு மூன்று கடை ஏறி இறங்கினாள். கோவிலில் காசிமாயன் எதிர்கொண்டு வந்து, "கெடா ரெண்டு. ஒண்ண ஒங்க வகைக்கு ஓதித்தேன் அறுத்துருக்கு, கவலப்படாமச் சாப்புடணும்," என்று காதோடு சொன்னார். மறுபடி மொட்டை போடும் பேச்சை எடுத்த பெரியவர்களை நிறைமதி ஒரே முறைப்பில் அடக்கியிருந்தாள்.

நைனா மணையில் உட்கார்ந்தார். நிறைமதி அவர் மடியில் உட்கார்ந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை, நல்ல கனம்.

"வலிக்குமா?" என்றாள் மெதுவாக.

"ஓட்டை ஏற்கெனவே இருக்கு. தோட்ட மாட்டுறதுதான் பாக்கி. அந்தக் காதுல உணர்ச்சியும் இல்லையே. இந்தத் தடவ சத்தியமா வலிக்காது."

ஆசாரி வந்து சோணையைப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "ஓட்டைய எங்கங்க?"

ஹெலன் முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "மூடிக்கிச்சு," என்றார். "உயிருள்ள சதை. ஆறு மாசம் சும்மா விட்டா மூடத்தான் செய்யும். மாசாமாசம் பாத்தும் நானே இதை யோசிக்கல."

நைனாவும் யோசிக்கவில்லை. கட்டுவது மட்டும்தான் அவர் வேலையாக இருந்தது. அதன் பிறகு காது தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. அங்கே கூடியிருந்த எல்லாருக்கும் கணக்கு சட்டென்று புரிந்தது. துளை இல்லையென்றால் குத்த வேண்டும். குத்த வேண்டுமென்றால் காசிமாயனின் உரிமை முழுசாக அவரிடமே திரும்பிவிட்டது. நைனா பிள்ளையைப் பிடித்தபடி எழப் பார்த்தார். ஆறு மாத மாமன் வேலைக்கு இத்தனை வருத்தமா என்று தன்னையே கடிந்துகொண்டார்.

"எங்க எந்திரிக்கிறீக?" என்றார் காசிமாயன்.

"இப்ப முறைப்படி நீங்கதானேண்ணே..."

"மடியில வச்ச புள்ளய எறக்கி விடுறது எந்த ஊரு முறை? தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தார். காசிமாயன் முழங்கால் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு ஆளுக்கான மணையில் இரண்டு தாய்மாமன்கள். நிறைமதி பாதி இங்கும் பாதி அங்குமாக, நடுவில் தொங்காமல் இருக்க இரண்டு பேர் கழுத்தையும் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரன் மூன்று தடவை பின்னால் நகர்ந்தான். காசிமாயன் தோட்டை நீட்ட, நைனா தலையைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி ஊசியை இறக்கினார்.

நிறைமதி வீறிட்டாள். கோவில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின.

ஹெலன் பாய்ந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். "எங்க வலிச்சுது? தலையிலயா, காதுலயா? சரியாச் சொல்லு."

"காதுலதான்," என்று தேம்பினாள் நிறைமதி. "எங்காதுலதான் வலிக்குது."

ஹெலன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். எழுதியது அவருக்கே தெரியாத அளவுக்குக் கண் நிறைந்திருந்தது. தவமணிக்கு ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. விளங்கியதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து உட்கார்ந்தேவிட்டாள். "வலிக்குதாம்ப்பா," என்று காசிமாயன் பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னார். பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு பிள்ளை வலியில் அழுவதற்கு அப்படி ஒரு குலவை அந்தக் கோவிலில் அதற்கு முன் விழுந்ததில்லை.

நிறைமதிக்கு மட்டும் இந்தக் கொண்டாட்டம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கண்ணீர் வழிய நைனாவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"வலிக்காதுன்னு சத்தியம் பண்ணீங்கள்ல, மாமா," என்றாள்.

ஆசாரி தோட்டைத் திருகி முடிக்கும்வரை நைனா அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார்.